கையிலா, சீட்டிலா

அக்டோபர் 22, புதன்

எண்பதில் வண்டி ஆடுகிறது. எழுபதில் ஒன்றுமில்லை. எழுபத்தைந்தில் லேசாக ஒரு முனகல். எண்பதைத் தொட்டதும் குளிர்சுரம் வந்தவன் மாதிரி உதறல். தொண்ணூறில் அடங்குகிறதா என்று பார்க்க அழுத்தினேன். பக்கத்தில் இருந்த ஜோதி, "அப்பா, பின்னாடி பூ இருக்கு, ராக்கெட்டா ஓட்டுறீங்க?" என்றாள். காலை எடுத்துவிட்டேன்.

இத்தனைக்கும் ஆயுத பூஜைக்கு நான் இந்த பிக்கப்புக்குச் செய்ததை வேறு எவனும் தன் வண்டிக்குச் செய்திருக்க மாட்டான். கழுவுவது, மாலை போடுவது, எலுமிச்சம்பழம் நசுக்குவது எல்லாம் ஊரே செய்வதுதான். நான் அடியில் மல்லாந்து படுத்து, சேஸிஸ், அச்சு, கம்பி, குழாய் என்று கண்ணில் பட்ட அத்தனைக்கும் சில்வர் பெயிண்ட் அடித்தேன். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் வயிற்றுப் பக்கமும் மின்னுகிற ஒரே வண்டி என்னுடையது. அப்படிப்பட்ட வண்டி எனக்கு இப்படிச் செய்யலாமா?

முன் டயர் இரண்டும் புதுசு. பூஜை முடிந்ததும் சிக்கந்தர் பாய் பட்டறையில், அடியில் கிராஸ் என்கிற இணைப்பு தேய்ந்திருக்கிறது என்று அதையும் மாற்றியாயிற்று. வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வடமதுரைப் பக்கம் ரோடு சரியில்லையோ என்னவோ.

இந்த டைரி கமிஷன் கடைக்காரர் கொடுத்தது. இதுவரை டீசலும் கிலோமீட்டரும் மட்டும்தான் எழுதி வந்தேன். கோடுகளை ரொம்ப நெருக்கிப் போட்டிருக்கிறான். எழுத்து பொடிப்பொடியாக வருகிறது.

அக்டோபர் 25, சனி

ரோட்டில் தப்பில்லை. மணப்பாறை தாண்டிப் புதுசாகத் தார் போட்ட வழுவழுப்பிலும் ஆடுகிறது.

திருச்சி விமான நிலையத்தில் பூவை இறக்கிவிட்டுத் திரும்பியதும் நேரே பட்டறைக்குப் போனேன். சிக்கந்தர் பாய் என்னைவிட இளையவர். வேலை சுத்தம், வாய் மட்டும் அதிகம். இன்று வாயை அடக்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆட்டம் கையில தெரியுதா, சீட்டுல தெரியுதா மாயண்ணே?"

கையில் தெரிந்தால் கோளாறு முன்பக்கம்: சக்கரம், ஸ்டீரிங். சீட்டில் தெரிந்தால் பின்பக்கம். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி, பட்டறைக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

"கையில," என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இத வச்சுத்தான் நான் கைய வைக்கணும்."

"காசிமாயன் கைக்கு ஸ்டீரிங்கப் பத்தித் தெரியாதா பாய்? கையிலதான்."

ஜோதி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நீ போய் டீ சொல்லு என்று அனுப்பிவிட்டேன். எங்கள் கிளீனர் நின்றதிலிருந்து இவள்தான் கூட வருகிறாள். பட்டம் வாங்கியவள், லைசென்ஸும் எடுத்து வைத்திருக்கிறாள். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருக்கிறாள்.

நாலு சக்கரத்துக்கும் வீல் பேலன்ஸிங் பார்த்து ஈயக்கட்டி ஒட்டினார்கள். நாளைக்குத் தெரியும்.

டீக்கடைக்காரன் கிளாஸின் விளிம்புவரை ஊற்றுகிறான். அதை எப்படிக் கொட்டாமல் வாய்க்குக் கொண்டுபோவது? இனிமேல் பாதி போதும் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஆடுகிறது.

அக்டோபர் 30, வியாழன்

இன்று மார்க்கெட்டில் சண்டை. சிலுக்குவார்பட்டியிலிருந்து வந்த மல்லிகை மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்தேன். வெறும் காகிதம். "என்னத்தய்யா மருந்து அடிக்கிறீங்க, பூவுல வாசமே இல்ல" என்று கொண்டுவந்தவரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா இருக்கீங்களா? ரோட்டு வரைக்கும் மணக்குதே!"

வீட்டில் பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். நான் உதறிப் போட்ட சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதத் தொவைக்கவே மனசு வரல, அம்புட்டு மல்லியப்பூ வாசம்" என்றாள். என் மனைவிக்கு நான் எதைச் சொன்னாலும் எதிராக ஒன்று சொன்னால்தான் சோறு இறங்கும்.

சாப்பிட்டுப் படுத்தேன். படுக்கை கொள்ளவில்லை. எழுந்து போய் வண்டியைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு டயரையும் எட்டி உதைத்தேன். திரும்ப வந்து படுத்தேன். திரும்ப எழுந்தேன். "வண்டிதான ஆடுது, நீங்க ஏன் ஆடுறீங்க?" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

நவம்பர் 3, திங்கள்

முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றினோம். அலைன்மெண்ட் பார்த்தோம். சிக்கந்தர் பாய் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"முன்னாடி எல்லாமே கெட்டியா இருக்குண்ணே. நெசமாவே கையிலதான் தெரியுதா?"

"எத்தன தடவ கேப்பீங்க?"

புதுச் சட்டைக்குப் பட்டன் ஓட்டையைத் தையல்காரன் சின்னதாக வைத்துவிட்டான். காலையில் அதோடு போராடியதில் மார்க்கெட்டுக்கே தாமதம். பழைய சட்டைகளுக்கும் அவன்தான் தைத்தான். எல்லாமே இப்போது இறுக்கமாகத்தான் இருக்கின்றன. துணி சுருங்கியிருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

ஜோதி திண்டுக்கல் பைபாஸில் கேட்டாள். "அப்பா, இங்க இருந்து மணப்பாறை வரைக்கும் நான் ஓட்டுறேன்."

மார்க்கெட் சந்துக்குள் பின்னால் எடுப்பது, பெட்ரோல் பங்குக்குக் கொண்டுபோவதெல்லாம் அவள் செய்கிறாள். நன்றாகவே செய்கிறாள். நாலு வழிச்சாலை என்பது வேறு.

"ஆடுற வண்டிய உங்கிட்ட எப்படித் தாயி குடுக்குறது? சரியாகட்டும், தாரேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

உண்மையைச் சொல்வதென்றால், ஆட்டம் நிற்க வேண்டும் என்று நான் நினைப்பதைவிட, அது நின்றால் இந்தப் பெண் சாவியைக் கேட்பாளே என்றுதான் அதிகம் நினைக்கிறேன். மாயண்ணன் வண்டி வந்தால் சொன்ன நேரத்துக்கு விமானத்தில் பூ ஏறும் என்று மார்க்கெட்டில் பேர். ஸ்டீரிங்கை எடுத்துவிட்டால் நான் யார்? பஞ்சவர்ணத்தின் புருஷன், ஜோதியின் அப்பா, வெற்றிலைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஒருவன். அந்த பெஞ்சில் ஏற்கெனவே இடமில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அய்யலூர் தாண்டி, நடுத்தடுப்பில் இருக்கும் திறப்பில் ஓர் அம்மா ஸ்கூட்டியைத் திருப்பினாள். பின்னால் சின்னப் பிள்ளை. நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பிரேக் மிதித்தேன். கியரைக் குறைக்க இடது கையைக் கொண்டுபோனேன். கை போய்ச் சேரவில்லை. எங்கே போகிறோம் என்று மறந்தவன் மாதிரி நடுவழியில் நின்றது. ஜோதி "அப்பா!" என்று கத்தினாள். வண்டி உறுமி, குலுங்கி, அந்த ஸ்கூட்டியை ஒட்டி நின்றது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிள்ளை என்னைப் பார்த்துக் கையசைத்தது. அதற்கு ஒன்றும் தெரியாது.

கியர் இறுக்கமாக இருக்கிறது. எண்ணெய் விட வேண்டும்.

ஜோதி வையம்பட்டி வரைக்கும் டேஷ்போர்டைப் பிடித்த பிடியை விடவில்லை. அப்புறம் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி கேட்டாள். "எனக்கு எண்பதுல சீட்டுக்கு அடியிலதான்ப்பா ஆடுது. உங்களுக்கு மட்டும் எப்படிக் கையில?"

"ஸ்டீரிங் என் கையில இருக்கு. உன் கையில இருந்தா உனக்குத் தெரியும்."

"அதத்தான நானும் கேக்குறேன்," என்றாள்.

நவம்பர் 12, புதன்

வண்டி எடுக்கவில்லை. மழை வரும்போல் இருந்தது.

வரவில்லை.

நவம்பர் 15, சனி

ஸ்டீரிங் பக்கத்தில் மாற்றுவதற்கு இருந்ததையெல்லாம் சிக்கந்தர் பாய் மாற்றிவிட்டார். பேரிங் புதுசு, ராடு முனைகள் புதுசு. வண்டிக்கு முன்பாதி மட்டும் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி ஆகிவிட்டது. எண்பதில் ஆடுகிறது.

"பின்னாடி பாப்பமாண்ணே?" என்றார்.

"கையில தெரியுதுங்கிறேன், பின்னாடி பாக்கணுங்கிறீங்க. தொழில் மறந்து போச்சா பாய்?"

அவர் முகம் விழுந்துவிட்டது. ஸ்பானரைத் தட்டில் போட்டுவிட்டுத் தொழுகைக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது.

நல்ல மனிதரை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது. தெரிந்தவர்கள் "ஏன் மாயா, உர்ருன்னு இருக்க?" என்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களுக்குத் தெரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஜோதி எனக்குத் தெரியாமல் பட்டறைக்குப் போய்ப் பேசியிருக்கிறாள். இன்று நாங்கள் போனதும் சிக்கந்தர் பாய், "நீங்க டீ குடிங்கண்ணே, நானும் பாப்பாவும் ஒரு ரவுண்டு போயிட்டு வாரோம்" என்றார். ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்ட பேச்சு. எனக்கா தெரியாது?

டீக்கடையில் உட்கார முடியவில்லை. ரோட்டுக்கு வந்து நின்றேன். திரும்ப உட்கார்ந்தேன். என் வண்டி நான் இல்லாமல் மெயின் ரோட்டில் போவதை முதல்முறையாகப் பார்க்கிறேன். சில்வர் வயிறு வெயிலில் மின்னியது. அழகாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தார்கள். பாதித் தண்ணீர் இருந்த பாட்டிலை ஜோதி கையில் வைத்திருந்தாள். டேஷ்போர்டில் வைத்துப் பார்த்தார்களாம், தண்ணீர் லேசாகத்தான் அசைந்ததாம். சீட்டுக்குப் பின்னால் தரையில் வைத்தார்களாம், கொதிக்கிற உலை மாதிரி குதித்ததாம்.

"சீட்டுலண்ணே," என்றார் சிக்கந்தர் பாய். "ஸ்டீரிங்ல ஒண்ணுமில்ல. ஒரு மாசமா என்னைய வேற ஊருக்கு வழி காட்டி அனுப்பிட்டீங்க."

அவர் அடியில் படுத்தார். இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளக் குழாய் ஒன்று உண்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட். கிராஸ் மாற்றும்போது அதைத்தான் இரண்டாகக் கழற்றி மறுபடியும் சேர்த்திருந்தார். ஒரு பாதிக்குள் மறுபாதி போய் மாட்டும் அந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். என் சில்வர் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்து அவர் முகத்திலேயே விழுந்தது. உள்ளே ஓர் அம்புக்குறி தெரிந்தது. எதிர்ப் பாதியையும் சுரண்டினார். இன்னோர் அம்புக்குறி. இரண்டும் மூக்கோடு மூக்காக நிற்க வேண்டியவை. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"யா அல்லா! மாயண்ணே, குறியக் காணோமேன்னு அன்னைக்கே நெனச்சேன். குத்துமதிப்பா மாட்டுனேன். இதுக்கெல்லாமா பெயிண்ட் அடிப்பாங்க?"

"ஆயுத பூஜைக்கு அடிக்காம?"

"வெளிய அடிங்க. அம்புக்குறி மேலயுமா அடிப்பீங்க?"

"குறி தெரியலன்னா சுரண்டிப் பாத்து மாட்ட வேண்டியதுதான? குத்துமதிப்புக்கு நான் எதுக்குப் பட்டறைக்கு வரணும்?"

ஜோதி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் நாங்களும் சிரித்தோம். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தேன். நாளைக் காலையில் கழற்றி, குறி பார்த்து மாட்டித் தருகிறார்.

நவம்பர் 19, புதன்

மாட்டியாயிற்று.

நான் ஓட்டினேன், பக்கத்தில் சிக்கந்தர் பாய். அறுபது. எழுபது. எழுபத்தைந்தில் அந்த முனகல் இல்லை. எண்பது. சீட்டில் ஒரு சின்ன அசைவு இல்லை. பாட்டிலைத் தரையில் வைத்திருந்தார். தண்ணீர் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது.

"எப்படிண்ணே? இப்பத் தெரியுதா?"

நான் ஸ்டீரிங்கைப் பார்த்தேன். "இருக்கு பாய். கொஞ்சம் இருக்கு."

"எங்க?"

"கையில."

அவர் தன் கையை நீட்டி, என் கைக்குப் பக்கத்தில் ஸ்டீரிங் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்புறம் எடுத்துக்கொண்டார். "ஓரமா நிறுத்துங்க. நான் ஓட்டிப் பாக்குறேன்," என்றார்.

இடம் மாறி உட்கார்ந்தோம். அவர் எண்பதில் போனார். ஸ்டீரிங் அவர் கையில் சும்மா இருந்தது. பிறகு வேகத்தைக் குறைத்து, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இன்ஜினையும் அணைத்தார். என் இடது கையை மடியில் வைத்திருந்தேன். அதில் ஸ்டீரிங் இல்லை, கியர் இல்லை, டீ கிளாஸ் இல்லை, பட்டன் இல்லை. வண்டி நின்றுவிட்டது. கை ஆடிக்கொண்டிருந்தது.

அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி இருந்தது. வலது கையால் அதை அழுத்திப் பிடித்தேன். கொஞ்சம் அடங்கியது. விட்டேன். திரும்பத் தொடங்கியது.

"வண்டி சரியாயிருச்சுண்ணே," என்றார் மெதுவாக. திரும்பும்போதும் அவர்தான் ஓட்டினார். நான் சாவியைக் கேட்கவில்லை.

பயமாக இருக்கிறது. இதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

சாவியை ஜோதியிடம் கொடுத்தேன். "சத்தியம் பண்ணேன்ல," என்றேன். குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் சாவியை வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அய்யலூரிலேயே தெரிந்திருக்கிறது. பஞ்சவர்ணத்துக்கு அதற்கும் முன்பே. வீட்டில் தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான்.

நவம்பர் 24, திங்கள்

மதுரையில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். சின்ன வயசு அம்மா. ஜோதியும் பஞ்சவர்ணமும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள், நான் எழுந்து ஓடிவிடுவேன் என்பது மாதிரி.

நடக்கச் சொன்னார். விரலைத் தட்டச் சொன்னார். காகிதம் கொடுத்து என் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். முதல் காசிமாயன் ஓரளவுக்கு இருந்தான். கீழே வர வர சிறுத்து, கடைசியில் எறும்பு மாதிரி ஆகிவிட்டான். காகிதத்தில் கோடே இல்லை.

"சட்டை பட்டன் போட கஷ்டமா இருக்கா?" என்றார். தையல்காரரை நினைத்துக்கொண்டேன். "முகத்துல சிரிப்பு தெரியலன்னு யாராவது சொல்றாங்களா?" என்றார். அப்புறம், "வாசனை தெரியுதா?" என்று கேட்டார்.

பஞ்சவர்ணம் தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து என் மூக்கருகே நீட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது. நான் ஆழமாக இழுத்துப் பார்த்தேன். எத்தனை வருஷம் இந்தப் பூவைச் சுமந்தேன்! ஒன்றும் வரவில்லை. சிலுக்குவார்பட்டிக்காரரைக் கண்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நோயின் பெயரைச் சொன்னார். இங்கே எழுதப் பிடிக்கவில்லை. மருந்து இருக்கிறதாம், வேளை தவறாமல் சாப்பிட்டால் பல வருஷம் நல்லபடியாக இருக்கலாமாம். "ஆனா வண்டி வேண்டாம்," என்றார். "பூ எடுக்கலாம், ஏத்தலாம், கூட உட்கார்ந்து போகலாம். ஓட்ட மட்டும் வேண்டாம்."

"கிளீனரா?" என்றேன்.

"ஓனரா," என்றாள் ஜோதி.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். பஞ்சவர்ணம் நடுவில், நான் கதவோரம். நாலு வழிச்சாலை காலியாகக் கிடந்தது. பிள்ளை அறுபதிலேயே உருட்டிக்கொண்டு வந்தாள். லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. ஒரு டவுன் பஸ்கூடத் தாண்டியது. நான் கதவோரத்தில் நெளிந்தேன். எதுவும் சொல்லக் கூடாது என்று வாடிப்பட்டி வரைக்கும் பொறுத்தேன்.

"ஏன் தாயி, மாட்டு வண்டியா ஓட்டுற? எண்பதுல போ."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆடாதாப்பா?"

பஞ்சவர்ணம் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டாள்.

"வண்டி ஆடாது," என்றேன். "போ."

முள் ஏறியது. எழுபது, எழுபத்தைந்து, எண்பது. சீட்டில் ஒன்றும் தெரியவில்லை.